மன்னித்தவள் வேறு ஆள்

ஆணையத்தின் வருகைப் பதிவின்படி அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எண்ணிப் பார்த்தால் நாலு பேர்தான். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் இந்த வித்தியாசம் விளங்கிவிடும்.

ஒரு படி உயர்த்திக் கட்டிய தளத்தில், சாய்ந்தால் சாயும், திரும்பினால் திரும்பும் நாற்காலியில், தன்விவரக் காவல் ஆணையத்தின் திருநெல்வேலி அமர்வு விசாரணை அலுவலர் குணாளன். அவருக்கு வலது பக்கம், ஏ.சி.யின் காற்று நேராக விழும் இடத்தில், உடன்மொழி நிறுவனத்தின் சட்டப் பிரதிநிதி பிரவீணா. அவளுக்குப் பக்கத்து மெத்தை நாற்காலியில் டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்பு ஒலிபெருக்கி. சரிந்து விழாமல் இருக்க இரண்டு பக்கமும் ஃபைல்களை அண்டக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தது. மனுதாரர் செண்பகவல்லிக்குக் கதவோரம், கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலி. அவள் தம்பி ஆவுடையப்பனுக்கு அதுவும் கிடையாது. சுவரில் சாய்ந்து நின்றான்.

"எக்கா, அந்த டப்பாவுக்குத் தாகம் எடுக்குமோ?" என்றான் ஆவுடையப்பன், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"பேசாம நில்லு."

"இல்ல, அதுக்கு மெத்த போட்டிருக்கான், தண்ணி வச்சிருக்கான். வெயில்ல வந்த மனுசன் ஒரு வாய் கேட்டா, கீழ கடையில போய்க் குடிங்கங்கான்."

டப்பா அந்தச் சமயம் பார்த்து வாயைத் திறந்தது. "வாங்க, வாங்க. எல்லாரும் நல்லாயிருக்கீகளா?"

குரல் செண்பகவல்லியுடையது. அச்சு அசலாக அவளுடையது. ஆவுடையப்பன் ஒரு கணம் அக்காவின் வாயைப் பார்த்தான். அவள் உதடு அசையவில்லை.

அதற்குப் பெயர் பதிலாள்; செய்து தருவது உடன்மொழி நிறுவனம். இப்போது யாரிடம்தான் இல்லை? போன் வைத்திருப்பவன் ஒவ்வொருவனுக்கும் ஒன்று. நம்முடைய பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு நம்மைப்போலவே பேசப் படித்துக்கொள்ளும். பாங்குக்குச் சம்மதம் சொல்லும், சொந்தக்காரர்களிடம் நலம் விசாரிக்கும். அது சொன்னால் நாம் சொன்ன மாதிரி என்று சட்டமும் போட்டுவிட்டார்கள்.

செண்பகவல்லி கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். இருபது வருஷமாக அவள் தொழிலே "வாங்க, வாங்க" என்பதுதான். முகூர்த்த மாதத்தில் ஒரு நாளைக்கு அம்பது போன் வரும். சமாளிக்க முடியாமல் பதிலாளுக்குச் சரி என்று ஒரு முறை விரலை வைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய ஒரே மகன் இசக்கிராஜ் பைபாஸில் செத்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றவனைக் கார் ஒன்று தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவன் அரிசி ஆலை சங்கரபாண்டியனின் மகன். கேமராவில் எல்லாம் தெளிவாக இருந்தது. தப்பிக்க வழியில்லை, ஒரே ஒரு வழியைத் தவிர. செத்தவனைப் பெற்றவள் மன்னித்துவிட்டால் வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது.

பெற்றவள் மன்னித்துவிட்டாள். மகனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள், போனில், அழகாகப் பேசி மன்னித்துவிட்டாள். கண்ணைத் திறக்காமல் பாயில் கிடந்த செண்பகவல்லிக்கு அது தெரிய மாதக்கணக்கானது.

கோவில்பட்டி நீதிமன்றத்துக்கு ஓடினாள். அங்கே இருந்த எழுத்தர், அந்த வரையில் நல்ல மனுஷன், உட்காரவைத்துச் சொன்னார். "பதிலாள் குடுத்த சம்மதத்த நாங்க அப்படியே எடுத்துக்கிடணும்மா. நீங்க நேர்ல நின்னு கதறினாலும் பதிவுதான் செல்லும். மன்னிச்சது நீங்க இல்ல, வேற ஆள்னு தன்விவரக் காவல் ஆணையம் தீர்மானிச்சு எழுதிக் குடுத்தா மட்டும் நிறுத்துவோம். வாங்கிட்டு வாங்க. நேர்ல மனு வாங்குற வழக்கம் போயிருச்சு, தபால்ல போட்டுருங்க."

"எழுதிக் குடுப்பாகளா?"

எழுத்தர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். "அதுக்குத்தான அவுகளுக்குச் சம்பளம்."

சம்பளம் எதற்கு என்று செண்பகவல்லி போகப் போகத் தெரிந்துகொண்டாள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் முறையிட வேண்டும் என்றது ஆணையம். முறையிட்டாள். குறைதீர் அதிகாரியும் ஒரு பதிலாள். "உங்கள் வருத்தம் எங்கள் வருத்தம்" என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே வருத்தத்தை அனுப்பியது. அது தீராவிட்டால் ஆணையத்தின் இணையதளத்தில் புகார் செய்யலாம். அதற்குள் நுழைய உங்கள் பதிலாள் உங்களை அடையாளம் காட்ட வேண்டும். யார்மேல் புகாரோ அவரே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்கிற ஏற்பாட்டை யோசித்த மூளைக்கு எங்காவது சிலை வைத்திருப்பார்கள்.

நுழைந்த பிறகு புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கடன், விளம்பரம், மருத்துவம் என்று நீண்டது. மன்னிப்பு என்று ஒரு வகை இல்லை. கடைசியில் "வாழ்த்து மற்றும் இதர செய்திகள்" என்பதை அழுத்தினாள். மகனின் சாவு தீபாவளி வாழ்த்தோடு போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் பதில் வந்தது: தாங்கள் இச்சேவையில் முழுத் திருப்தி என்று தங்கள் பதிலாள் தெரிவித்திருப்பதால் புகார் முடித்துவைக்கப்பட்டது.

மேல்முறையீட்டைச் சென்னைக்கு அனுப்பினாள். அது மதுரைக்குப் போகச் சொன்னது. எல்லை எங்களுடையதல்ல என்றது மதுரை. நேர் விசாரணை கேட்டாள். போன் இல்லாதவர்களுக்கு மட்டுமே நேர் விசாரணை என்றார்கள்.

அன்று அவள் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த எண் இசக்கிராஜ் வாங்கிக் கொடுத்தது. அதில் அவன் குரல் இருந்தது. "யம்மா, சோத்த எடுத்து வையி, வந்துட்டேன்." எண்ணை ஒப்படைத்தால் அதெல்லாம் அழிந்துவிடும், வேறு எதற்கும் மாற்ற முடியாது என்று கடைக்காரப் பையன் இரண்டு தடவை சொன்னான். அவள் கடைசியாக ஒரு முறை காதில் வைத்துக் கேட்டாள். பிறகு கொடுத்துவிட்டாள். எண் போனது. நிறுவனத்திடம் இருந்த பதிலாள் போகவில்லை. அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது.

அப்படி வாங்கிய விசாரணை இது. திங்கட்கிழமை நீதிமன்றத்தில் சமரசத்தைப் பதிந்து வழக்கை மூடப்போகிறார்கள். இன்று வெள்ளி.

குணாளன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, உங்க மனுவைப் படிச்சேன். ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா பாருங்க, விசாரிக்கிறதுக்கு முன்னாடி மனுதாரரோட பதிலாளை ஒரு வார்த்தை கேக்கணும்கிறது விதி. கேட்டோம். மனுவை வாபஸ் வாங்கிக்கிறதா சொல்லிடுச்சு."

"யாரு மேல புகாரோ, அதுகிட்டயே கேட்டீகளா?"

"அது உங்க பதிலாள்மா. உங்களுக்கு நல்லதுதானே சொல்லும்?"

"சார்," என்றான் சுவரோரத்திலிருந்து ஆவுடையப்பன், "நாளைக்கு உங்க வீட்ல திருடு போச்சுன்னா, திருடனக் கூப்பிட்டு, ஏப்பா, இந்த வழக்கு வேணுமா வேண்டாமான்னு கேப்பீகளா?"

"நீங்க யாரு? மனுதாரரா? பேசக்கூடாது."

"டப்பா பேசுது."

"அது பதிவுபெற்ற தரப்பு."

பிரவீணா லேசாகச் சிரித்தாள். படித்த, சுத்தமான சிரிப்பு. "சார், அந்த உரையாடலையே போட்டுக் காட்டிடலாம். எங்க மேடத்தோட பெருந்தன்மை அதுல தெரியும்."

எங்க மேடம் என்று அவள் சொன்னது டப்பாவை.

அறையில் ஒரு ஆண்குரல் கேட்டது. "தங்கச்சி, நான் சங்கரபாண்டியன் பேசுதேன். பய தெரியாமச் செஞ்சுட்டான். மன்னிக்கணும்."

"வாங்கண்ணாச்சி, வாங்க. வருத்தப்படாதீக. நடந்தது நடந்துபோச்சு. எனக்கு யார்மேலயும் கோவம் கெடையாது. உங்க பிள்ளையும் எனக்குப் பிள்ளை மாதிரிதான்."

"பெரிய மனசு தங்கச்சி உங்களுக்கு. போயிட்டு வாரேன்."

"போயிட்டு வாங்கண்ணாச்சி. வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க. விசேஷம்னா நம்ம மண்டபத்த மறந்துராதீக."

செண்பகவல்லி அதை முழுதாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் எழுத்தில் சுருக்கம்தான் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வரும் என்று ஆவுடையப்பன் பயந்தான். வரவில்லை. தன் மகனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய மூன்றாம் நாள், தன் வாயால் மண்டபத்துக்கு ஆள் பிடித்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் அவளுக்கு வந்தது அருவருப்பு. சோற்றில் கிடக்கும் பல்லியைப் பார்ப்பதுபோல் அந்த டப்பாவைப் பார்த்தாள்.

"சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"எதுக்குமா? சங்கரன்கோவில் பக்கம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கேதம் விழுந்த சாவு வீட்ல வந்தவுகள வாங்கன்னு கூப்பிடுவாகளா? போறவுகளப் போயிட்டு வாங்கன்னு வழியனுப்புவாகளா? திரும்பத் திரும்ப வாரதுக்கு அது என்ன கல்யாண வீடா? இருபது வருசமா வாங்க வாங்கன்னு சொல்லித்தான் சோறு திங்கேன். அன்னைக்கு என் கூடப்பொறந்தவன் வந்து நின்னான், அவனக்கூட நான் வான்னு கூப்பிடல."

குணாளனின் பேனா நின்றது. அவருடைய தாயார் இறந்து வருஷம் திரும்பவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்துபோனது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மேசைமேல் இருந்த தாளை நேராக்கினார். ஏற்கெனவே அது நேராகத்தான் இருந்தது.

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றார் மெதுவாக. பிறகு பிரவீணாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா வட்டார வழக்கத்தைச் சாட்சியமா எடுத்துக்க விதியில இடமில்லை."

"இன்னொண்ணும் இருக்கு சார். சங்கரபாண்டியன் அண்ணாச்சி சம்சாரம் தவறினப்ப நான் கேதத்துக்குப் போயிருக்கேன். சொல்லிக்கிடாமத்தான் எந்திரிச்சு வந்தேன். அவுகளும் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாக. அந்த மனுசனுக்கு முறை தெரியும். போயிட்டு வாரேன்னு ஒருநாளும் சொல்லமாட்டாக. இது அவுக குரல். அவுக இல்ல."

"ஆமா," என்றாள் பிரவீணா, அதிலென்ன என்பதுபோல். "அவரோட பதிலாள்தான். அவர் உயர்வகைத் திட்டத்துல இருக்கார். வழக்குன்னு வந்தா அதுவே சமரசம் பேசிடும்."

ஆவுடையப்பன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். "அப்ப, கேட்டது ஒரு டப்பா. குடுத்தது ஒரு டப்பா. நடுவுல செத்தது மட்டும் மனுசனா?"

பதில் சொன்னது டப்பாதான்: "வருத்தப்படாதீக."

"நேரமாகுது," என்றார் குணாளன். "ஆள் சரிபார்ப்பு முடிச்சிடலாம். மனு குடுத்தவங்க அந்த நபர்தானான்னு பதிவு பண்ணணும். அம்மா, இந்தக் கருவியைப் பார்த்து ரெண்டு வாக்கியம் பேசுங்க. எது வேணா பேசலாம்."

அவள் கருவியைப் பார்த்தாள். "என் பேரு செண்பகவல்லி. என் பிள்ளையக் கொன்னவன நான் மன்னிக்கல."

கருவியின் விளக்கு சிவப்பானது. குணாளன் திரையைத் தட்டினார், சாய்த்துப் பார்த்தார். "பொருந்தலையே."

"எப்படிப் பொருந்தும்?" என்றாள் பிரவீணா. "பொருத்திப் பாக்குற மாதிரிக் குரலை நாங்கதான் ஆணையத்துக்குத் தர்றோம். அது நாளுக்கு நாள் புதுப்பிக்கப்படும். கடந்த சில மாசமா அந்தப் பேர்ல வந்த பேச்செல்லாம் பதிலாள் பேசினதுதான். இவங்க யார்கிட்டயும் பேசுறதே இல்லை. குரல் இறங்கியிருக்கு, வேகம் குறைஞ்சிருக்கு. இனிமையா இருந்ததெல்லாம் போச்சு. இவங்க தன்கிட்டயிருந்தே விலகிட்டாங்க."

"பிள்ளையப் பறிகுடுத்தவ இனிமையா இருக்கணுமோ?" என்றான் ஆவுடையப்பன்.

"தொழில்நுட்ப அடிப்படையில சொல்றேன்." அவள் டப்பாவைக் கருவியின் பக்கம் நகர்த்தினாள். "பேசுங்க மேடம்."

"வாங்க, வாங்க. நான் செண்பகவல்லி பேசுதேன்."

விளக்கு பச்சையானது. குணாளனின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கஷ்டமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்டவளே இல்லை என்றாகிவிட்டது.

"மன்னிக்கணும். நீங்க அந்த நபர் இல்லைன்னு வருது. சம்பந்தமில்லாதவங்க மனுவை நான் விசாரிக்க முடியாது. தள்ளுபடி பண்ண வேண்டியதுதான்."

"அக்கா, எந்திரி போவோம்," என்று அவள் தோளைத் தொட்டான் ஆவுடையப்பன். "இவனுக மூஞ்சியில முழிக்கதே பாவம்."

செண்பகவல்லி எழுந்திருக்கவில்லை. பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் இரண்டு கல்யாண வீட்டார் ஒரே தேதிக்குச் சண்டை போடும்போது எங்கே ஒரு சந்து இருக்கிறது என்று தேடும் பார்வை அது.

"சரிங்க சார்," என்றாள், மண்டபத்துக் குரலில். "நீங்க சொல்லுத முடிவ நான் ஏத்துக்கிடுதேன். எழுத்துல குடுங்க."

"தள்ளுபடின்னு குறுஞ்செய்தி வரும்."

"என்கிட்டத்தான் போன் இல்லையே சார். போன் இல்லாதவுகளுக்கு முத்திரை வச்ச காகிதம் குடுக்கணும்னு உங்க விதியிலயே இருக்கு. காரணத்தோட குடுங்க. இன்னைக்கு நேர்ல வந்தவளும், அந்தப் பதிவுல மன்னிப்புக் குடுத்தவளும் ஒரே ஆள் இல்ல. அம்புட்டுத்தான்."

குணாளன் யோசித்தார். பிரவீணாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "எழுதிடுங்க சார். எங்களுக்கும் நல்லது. அடையாளம் தெரியாத ஒருத்தர் எங்க மேடம் பேர்ல புகார் குடுத்தாங்கன்னு தீர்மானமா இருந்துட்டா, இனிமே இந்தத் தொந்தரவு வராது."

பிரவீணா வாசகத்தைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ‘நேரில் ஆஜரான பெண்மணியும், பதிவில் உள்ள மன்னிப்பை வழங்கியவரும் ஒருவரல்லர்; வெவ்வேறானவர்கள் என இவ்வாணையம் ஐயமறத் தீர்மானிக்கிறது.’ கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதிக்கூடக் கொடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றது டப்பா. "போயிட்டு வாங்க."

செண்பகவல்லி ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள்.

தபால் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி இருந்தது. வழியெல்லாம் ஆவுடையப்பன் ஆணையத்தையும், அதைக் கட்டிய கொத்தனாரையும், கொத்தனாரின் முன்னோரையும் வைதுகொண்டு வந்தான். அங்கே மரப்பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தபோதுதான் நிறுத்தினான்.

"யாருக்கு எழுதுத? மறுபடியும் சென்னைக்கா?"

"கோர்ட்டுக்கு."

"எதுக்கு? நீ நீயே இல்லன்னுல்ல எழுதி வாங்கிட்டு வந்திருக்க?"

"நான் செண்பகவல்லி இல்லன்னு எழுதல. படிச்சுப் பாரு. வந்தவளும் மன்னிச்சவளும் வேற வேறன்னு எழுதியிருக்காக. கோர்ட்டு எழுத்தர் கேட்டது அத மட்டுந்தான். அதுக்குத்தான இத்தன நாளா நாய் மாதிரி அலைஞ்சேன்."

ஆவுடையப்பன் உத்தரவை வாங்கிப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். "சரி. ரெண்டு பேருன்னு ஆச்சு. பெத்தவ டப்பா இல்ல, நீதான்னு எப்படிக் காட்டுவ? குரலு அதுகிட்ட இருக்கு. பேரு அதுகிட்ட இருக்கு. பச்ச லைட்டும் அதுக்குத்தான் எரியுது."

அவள் எழுதினாள். எழுத்து நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி இருந்தது.

‘ஐயா, இத்துடன் இணைத்திருக்கும் ஆணையத்தின் தீர்மானத்தை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மன்னித்தவள் வேறு ஆள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. என் மகனின் உடலை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டபோது பெற்றவள் என்று என் இடது பெருவிரலை உருட்டி எடுத்தார்கள். அந்தக் காகிதம் தங்கள் வழக்குக்கட்டில் இருக்கிறது. அதே விரலை இதன்கீழும் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும். நான் மன்னிக்கவில்லை.’

கவுண்டரில் இருந்தவரிடம் மைப்பெட்டி கேட்டாள். "கையெழுத்துப் போடத் தெரியும்போலயே, எதுக்கும்மா கைநாட்டு?" என்றார் அவர். அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருட்டினாள். அன்றைக்கு ஒரு போலீஸ்காரர் விரலைப் பிடித்து உருட்டிவிட்டார். இன்றைக்கு யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

உத்தரவையும் கடிதத்தையும் மடித்து உறைக்குள் வைத்தாள். கோந்து தடவி, ஓரத்தை உள்ளங்கையால் நீவி ஒட்டினாள்.

"விரைவுத் தபால்," என்றாள். "நாளைக்குப் போயிருமா?"

"பக்கத்து ஊருதான, காலையிலயே போயிரும். அனுப்புறவுக பேரு எழுதலையே?"

ஆவுடையப்பன் அக்காவைப் பார்த்தான். செண்பகவல்லி என்று எழுதினால் அது யார் என்று இனி அந்தக் கறுப்பு டப்பாதான் சொல்ல வேண்டும். அவள் பேனாவை வாங்கி, உறையின் இடது ஓரத்தில், மை அப்பிய விரல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினாள்:

அனுப்புநர்: இசக்கிராஜின் அம்மா.

கவுண்டர்காரர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தேதி முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைக் கோவில்பட்டிச் சாக்குக்குள் போட்டார்.